நட்டத்துக்கு விற்ற வண்டி

மார்ச் மாதக் கடைசி வாரத்தில் துடியலூர் ஷோரூமில் யாருக்கும் லீவு கிடையாது. விற்பனை மேலாளர் மனோஜ்குமார் காலை மீட்டிங்கில் வெள்ளைப் பலகையில் ஒரே ஒரு எண்ணை எழுதிவிட்டு எல்லோர் முகத்தையும் பார்ப்பான். கார் கம்பெனி வைத்த டார்கெட்டுக்கு இன்னும் எத்தனை வண்டி பாக்கி என்பதுதான் அந்த எண். டார்கெட்டைத் தொட்டுவிட்டால் ஜனவரியிலிருந்து விற்ற ஒவ்வொரு வண்டிக்கும் கம்பெனி தனியாகப் பணம் தரும். ஒரு வண்டி குறைந்தாலும் அது வராது. அதனால் கடைசி நாலைந்து வண்டிகளை, கம்பெனிக்குக் கட்டிய விலைக்கும் கீழே தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது.

குழந்தையம்மாள் அந்த வாரத்தில்தான் வந்தாள்.

மெர்சி அப்போது ஒரு வாடிக்கையாளரை வழியனுப்பிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த பெண் நேராக அவளிடம் வந்தாள். பின்னால் மகன் நிதீஷ், கையில் போனை வைத்துக்கொண்டு.

"ஏனுங் கண்ணு, நீ மாசாணியம்மா புள்ளதானே?"

மெர்சிக்குத் தன்னையறியாமல் உடம்பு நிமிர்ந்தது. "ஆமாங்கம்மா. வாங்க."

காரமடைக்குக் கிழக்கே இருக்கும் அவர்கள் ஊரில் பாதித் தோட்டம், 'பெரிய வீடு' என்று ஊர் சொல்லும் குழந்தையம்மாள் குடும்பத்துடையது. பாக்கும் வாழையும். புருஷன் போன பிறகு எல்லாவற்றையும் அவளே பார்த்துக்கொள்கிறாள். வாழைத்தார் வாங்க வரும் வியாபாரிகள் அவளோடு விலை பேசுவதற்கு முன் ஒரு டீ குடித்துத் தெம்பாக வருவார்கள் என்று ஊரில் சொல்வார்கள். மெர்சியின் அம்மா மாசாணியம்மாள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் தோட்டத்தில்தான் வேலை செய்தாள். மூட்டு தேய்ந்து குனிந்து உட்கார முடியாமல் போன பிறகுதான் வேலையை விட்டாள்.

"நீ இங்க இருக்கறன்னு உங்கம்மா சொன்னா. தெரியாதவன்கிட்டப் போயி ஏமாறதுக்கு, நம்மூருப் புள்ளகிட்டயே வாங்கலாம்னு வந்தேன்" என்றாள் குழந்தையம்மாள்.

நிதீஷ் சரவணம்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். எந்த வண்டி, எந்த நிறம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்திருந்தான். அவிநாசி ரோட்டிலிருக்கும் இன்னொரு ஷோரூமில் விலையும் கேட்டு வந்திருந்தான். மெர்சி வண்டியைத் திறந்து காட்டினாள். குழந்தையம்மாள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, காலை நீட்டிப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

"நல்லாத்தான் இருக்குது. வெலையச் சொல்லு."

சொன்னாள். குழந்தையம்மாள் சிரித்தாள். அதற்குப் பிறகு நடந்த பேரத்தில் மெர்சியால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. மனோஜ்குமாரின் அறைக்கு அழைத்துப் போனாள்.

மனோஜ்குமார் டீ வரவழைத்தான். ஊர், தோட்டம், மழை, வீட்டிலிருக்கும் பழைய ஜீப் என்று கொஞ்ச நேரம் பேசினான். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் அவள் பக்கமாகத் திருப்பி வைத்தான்.

"இதை யாருக்கும் காட்டமாட்டமுங்கம்மா. நாங்க கம்பெனிக்குக் கட்டுன வெல இது. தம்பி, நீங்களே பாருங்க. இதுக்கும் கீழ முப்பத்தஞ்சாயிரம் கொறைச்சுத் தாரேன். மெர்சி ஊருக்காரங்கன்னு ஒரே காரணத்துக்காக. ரெண்டே விசயம்தானுங்க. லோனும் இன்சூரன்சும் எங்ககிட்டயே போட்டுக்கோணும். உங்க பழைய ஜீப்பையும் எங்களுக்கே குடுத்தரோணும்."

"லோன் எதுக்குங்க? பாக்கு வித்த காசு இருக்குது."

"காசு கையில இருக்கட்டுமுங்கம்மா. போர் போடுவீங்க, நாளைக்குத் தம்பிக்குக் கல்யாணம் வரும்."

"சொசைட்டி பேங்க்ல வட்டி கம்மிம்மா" என்றான் நிதீஷ்.

"அப்ப இந்த வெலைக்கு என்னால முடியாதுங்க தம்பி." மனோஜ்குமார் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். முகத்தில் வருத்தம் தெரிந்தது.

குழந்தையம்மாள் மெர்சி பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு கண்ணு. நட்டத்துக்கு எவனாச்சும் யாவாரம் பண்ணுவானா? இவங்களுக்கு இதுல என்ன கெடைக்கும்?"

மனோஜ்குமார் மெர்சியைப் பார்க்கவில்லை. பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தான்.

"மாசக் கடைசிங்கம்மா, டார்கெட்டுக்காகத்தான் தாராங்க" என்றாள் மெர்சி. அது உண்மை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் குழந்தையம்மாள் இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்களுக்கு இந்த வண்டியில நட்டந்தானுங்க."

"நீ சொன்னாச் சரி" என்றாள் குழந்தையம்மாள். நிதீஷ் எதையோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையமர்த்தினாள்.

கையெழுத்துப் போட வேண்டிய இடங்களை மெர்சிதான் பென்சிலால் குறித்துக் கொடுத்தாள்.

வண்டி டெலிவரியான நாளில் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, மாலை போட்டு, எல்லோரும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். குழந்தையம்மாள் மெர்சியின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றாள். அந்தப் போட்டோவை மெர்சி அம்மாவுக்குக் காட்டியபோது மாசாணியம்மாள் போனை வாங்கி, வெளிச்சத்துக்கு நகர்ந்து, வெகுநேரம் பார்த்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து, மதியச் சாப்பாடு முடிந்து, அம்மாவும் மகளும் படுத்திருந்தார்கள். தெருவில் குழந்தைகள் கூச்சல் போட்டார்கள். குழந்தையம்மாளின் புது வெள்ளை வண்டி வீட்டுக்கு முன்னால் வந்து நின்றது. அந்தத் தெருவுக்குள் பெரிய வீட்டு வண்டி வந்ததே இல்லை. வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் முக்கில் நின்று ஹாரன் அடிப்பார்கள், அல்லது ஆள் அனுப்புவார்கள்.

குழந்தையம்மாள் இறங்கி, நிதீஷை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி வாசலில் விட்டாள். நிலைப்படியில் தலையைக் குனிந்து உள்ளே வந்தாள். மாசாணியம்மாள் எழுந்து சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். மெர்சி அவசரமாக நாற்காலியிலிருந்த துணிகளை அள்ளினாள்.

"நீயும் உக்காரு மாசாணி. எதுக்கு நிக்கற?"

"இருக்கட்டுங்க."

"உக்காருன்னா உக்காரு. மூட்டு வலிக்காரி."

மாசாணியம்மாள் கட்டிலின் ஓரத்தில் பட்டும் படாமல் உட்கார்ந்தாள்.

"உம்புள்ள பண்ணுன ஒதவிய நான் மறக்கமாட்டேன். எங்களுக்காவ அவங்க கம்பெனிக்கு நட்டம் பண்ணிக் குடுத்துருக்குது. மொதலாளிகிட்ட என்ன பேச்சு வாங்குச்சோ. எங்க சொந்தக்காரங்களே இப்படிச் செய்யமாட்டாங்க."

மெர்சி காப்பி போட அடுப்படிக்குப் போய்விட்டாள். பால் பொங்கி வழிந்த பிறகுதான் அடுப்பை அணைக்கத் தோன்றியது. டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினாள். பெரிய வீட்டுக்காரர்கள் இந்தத் தெருவில் எதையும் வாங்கிக் குடித்ததில்லை. தண்ணீர் என்றால்கூட, போர்வெல் குழாயில் கையை ஏந்திக் குடிப்பார்கள். குழந்தையம்மாள் டம்ளரை வாங்கி, அண்ணாந்து ஊற்றிக்கொள்ளாமல், வாய் வைத்துக் குடித்தாள். பாதிக் காப்பியில் நிறுத்தி, "சக்கரை கொஞ்சம் தூக்கல்" என்றாள். பிறகு மீதியையும் குடித்தாள்.

வண்டி போன பிறகு அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்துவிட்டார்கள். மாசாணியம்மாள் நடந்ததை ஒவ்வொருத்தியிடமும் முதலிலிருந்து சொன்னாள். ஒவ்வொரு தடவையும் 'வாய் வெச்சுக் குடிச்சாங்க' என்ற இடத்தில் குரல் இறங்கியது. அந்த டம்ளரை அவள் சாயங்காலம் வரை கழுவவில்லை.

மெர்சி அம்மாவை இப்படிப் பார்த்ததில்லை. அப்பா பிரான்சிஸ் இருந்தபோதும் பார்த்ததில்லை. சந்தோஷப்பட முயன்றாள். முடியவில்லை.

ஷோரூமில் டார்கெட்டைத் தொட்டுவிட்டார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் மனோஜ்குமார் எல்லோருக்கும் பப்ஸும் ஜூஸும் வாங்கிக் கொடுத்தான். மெர்சியைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து அவள் டீம் லீடர் என்றான்.

"அந்தக் காரமடை டீல்தான் இந்த வருசத்துலயே பெஸ்ட்டு. ஜீப்பு ஞாபகமிருக்குதா? எஃப்சி முடியப்போவுது, டயர் போச்சுன்னு அடிமாட்டு வெலைக்கு எடுத்தமே. கோத்தகிரி எஸ்டேட்காரர் ஒருத்தர் வந்து பாத்த ஒடனே ரெண்டரை மடங்கு குடுத்து எடுத்துட்டுப் போயிட்டாரு."

"அவ்வளவா சார்?"

"அது மட்டுமா? பேங்க்காரன் சொன்ன வட்டிக்கு மேல நாம ஒண்ணரை போட்டம்ல, அந்த வித்தியாசம் நமக்கு வரும். இன்சூரன்சுல கமிசன். அப்பறம் சீட் கவரு, அடியில அடிக்கற கோட்டிங்கு, அஞ்சு வருச வாரண்டி, எல்லாத்தையும் லோன்லயே சேத்தியாச்சு. முப்பத்தஞ்சாயிரம் கொறைச்சோம். அதப்போல நாலு பங்கு எடுத்தாச்சு." அவன் கண் மின்னியது. "கார வித்துச் சம்பாதிக்கற காலமெல்லாம் போச்சு மெர்சி. காரச் சுத்தித்தான் காசு."

இவையெல்லாம் மெர்சிக்குத் தெரியாதவை அல்ல. ஒவ்வொன்றையும் தனித்தனியாக அவளும் நூறு பேருக்கு விற்றிருக்கிறாள். ஒரே ஆளின் கணக்கில் எல்லாம் மொத்தமாக ஏறியதை யாரும் அவளுக்குக் கூட்டிச் சொன்னதில்லை. அவளும் கூட்டிப் பார்த்ததில்லை.

அன்று மத்தியானமே குழந்தையம்மாள் போன் செய்தாள்.

"கண்ணு, கோபில எங்க அண்ணன் இருக்கறாங்கல்ல, அவங்க பசங்களுக்கு ஆளுக்கொரு வண்டி வேணுமாம். வேற எங்கயும் போவக்கூடாது, நம்ம புள்ளகிட்டத்தான் வாங்கோணும்னு கண்டிசனாச் சொல்லிப்போட்டேன். வர்ற திங்கக்கெழம கூட்டிட்டு வாரேன். அவங்களுக்கும் நட்டத்துக்குக் குடுக்காதே, பாவம் உனக்குக் கஷ்டம். கொஞ்சம் பாத்துக் குடு, போதும்."

"சரிங்கம்மா" என்றாள் மெர்சி. போனை வைத்த பிறகு லேடீஸ் டாய்லெட்டுக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை பெர்மிஷன் போட்டுவிட்டு, அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல், பெரிய வீட்டுக்கு நடந்தாள். தோட்டத்துக் களத்தில் பாக்கு காயப்போட்டிருந்தார்கள். குழந்தையம்மாள் ஆட்களோடு நின்று சொத்தைப் பாக்கைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மெர்சியைக் கண்டதும் கையைத் தட்டிக்கொண்டு வந்தாள்.

"அடடே, வா கண்ணு. உள்ள வா. வெயில்ல எதுக்கு நிக்கற?"

"இங்கயே பேசிக்கறனுங்க."

"உள்ள வான்னா."

கூடத்தில் சோபா இருந்தது. மெர்சி அதில் உட்கார்ந்தாள். சின்ன வயதில் இந்த வீட்டின் பின்வாசலைத் தாண்டி வந்ததில்லை. குழந்தையம்மாள் உள்ளே பார்த்து மோர் கொண்டுவரச் சொன்னாள்.

"வேண்டாமுங்கம்மா. நான் சொல்றதக் கேட்டுட்டு அப்பறம் குடுங்க."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். ஜீப்பிலிருந்து தொடங்கினாள், பிறகு வட்டி, பிறகு வாரண்டி. குழந்தையம்மாளின் விரல்கள் மடியில் கிடந்த ஒரு பாக்கை உருட்டிக்கொண்டேயிருந்தன.

"அப்ப நட்டமில்ல" என்றாள் கடைசியில்.

"இல்லீங்கம்மா."

"நான் கேட்டப்போ உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க. இவ்வளவுன்னு தெரியாது. ஆனா நட்டமில்லைன்னு தெரியும்."

"உங்கம்மாவுக்கு?"

"அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது."

குழந்தையம்மாள் எழுந்து சன்னலருகே போனாள். வெளியே புது வண்டி கொட்டகை நிழலில் நின்றது.

"காசு போனாப் போவுது. ஒரு சீசன் பாக்குல எடுத்துருவேன். ஊரெல்லாம் சொல்லிப்போட்டனே கண்ணு. அண்ணங்கிட்ட, சொந்தக்காரங்க ஊட்டுல, ஒருத்தர் பாக்கியில்லாமச் சொல்லிப்போட்டேன். நானு... உங்க ஊடு தேடி வந்து..." அவள் முடிக்கவில்லை. கழுத்து சிவந்திருந்தது. கோபமா அவமானமா என்று மெர்சியால் பிரித்தறிய முடியவில்லை.

"வாரண்டிய இப்பக் கேன்சல் பண்ணுனாப் பணம் திரும்பி வருமுங்க. லோன சொசைட்டி பேங்க்குக்கு மாத்திக்கலாம். எப்படின்னு நான் நிதீஷ் அண்ணனுக்கு எழுதித் தாரனுங்க. திங்கக்கெழம உங்க அண்ணனக் கூட்டிட்டு வராதீங்க."

"சரி. நீ போ."

மோர் கொண்டுவந்த பெண் சொம்போடு வாசலிலேயே நின்றாள். மெர்சி எழுந்து அவளைக் கடந்து வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை குழந்தையம்மாளும் நிதீஷும் வந்தார்கள், கோபி அண்ணன் இல்லாமல். மனோஜ்குமாரின் அறைக் கதவு மூடியிருந்தும் நிதீஷின் குரல் ஷோரூம் முழுக்கக் கேட்டது. மற்றவற்றைவிட ஜீப்புக்காகத்தான் அவன் கத்தினான். அது அவன் அப்பா ஓட்டிய வண்டி. கோத்தகிரிக்காரரிடம் பேசித் திரும்ப வாங்கித் தரச் சொன்னான். பெயர் மாற்றியாகிவிட்டது, முடியாது என்றான் மனோஜ்குமார். வாரண்டியை ரத்து செய்தார்கள். இன்சூரன்சையும் சீட் கவரையும் ஒன்றும் செய்ய முடியவில்லை. லோனை முன்கூட்டியே அடைப்பதற்கு பேங்க் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டது. குழந்தையம்மாள் போகும்போது மெர்சியின் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மனோஜ்குமார் மெர்சியைக் கூப்பிட்டான். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்துப் போனாள். அவன் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

"நான் திருட்டா பண்ணுனேன் மெர்சி? படிச்ச பையனை வெச்சுக்கிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாங்க. உள்ள வர்ற ஒவ்வொருத்தரும் கொறை, கொறைன்னுதான் கேக்கறாங்க. கொறைச்சுக் குடுத்துட்டு வேற எங்கயும் எடுக்கலைன்னா இந்த லைட்டு எப்படி எரியும்? உஞ்சம்பளம் எங்கிருந்து வரும்?"

அவன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினான்.

"உன்னத் தப்புச் சொல்லல. ஆனா நீ இங்க இருக்க முடியாது. நீயே எழுதிக் குடுத்துரு."

எழுதிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மாசாணியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். அம்மா தன்னைக் கட்டிக்கொள்வாள், 'நல்ல காரியம் பண்ணுன' என்பாள் என்று மெர்சி எங்கோ மனதுக்குள் நினைத்திருந்தாள்.

"எதுக்குடி சொன்ன?" என்றாள் மாசாணியம்மாள்.

"ஏம்மா, அவங்கள ஏமாத்திருக்கறோம்."

"ஏமாந்தா என்ன? அவங்களுக்கென்ன கொறைஞ்சு போச்சு?" அம்மாவின் குரல் இப்படி உயர்ந்து அவள் கேட்டதில்லை. "கூலி ஏத்திக் கேட்டப்பவெல்லாம் அந்தம்மா எங்கிட்ட என்ன சொல்லுச்சு தெரியுமா? இந்த வருசம் நட்டம் மாசாணி. காத்துல வாழை சாஞ்சுபோச்சு, நட்டம். பாக்குக்கு வெலையில்ல, நட்டம். வருசா வருசம் நட்டம்னு சொல்லிச் சொல்லியே மாடி கட்டுனாங்க. நான் ஒருநா எதுத்துக் கேட்டனா? தலையாட்டிட்டு வந்தேன். நீ ஒருதடவ சொன்னதுக்கு ஓடிப்போயி மன்னிப்புக் கேக்கற."

"அம்மா..."

"முப்பது வருசம் அந்தத் தோட்டத்துல குனிஞ்சேன். ஒருநாளாச்சும் எங்கூட்டுக்குள்ள வந்து உக்காந்தாங்களா? வந்தாங்க. உக்காந்தாங்க. அதையும் கெடுத்துப்போட்டு வந்துட்ட."

"பொய்க்குத்தானம்மா வந்தாங்க."

"எதுக்கு வந்தா என்ன? வந்தாங்கல்ல."

மாசாணியம்மாள் முறத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். புடைக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. ஒரு வாரம் போல அவள் மகளிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். மெர்சிக்கு அம்மா மேல் கோபம் வரவில்லை. அம்மா சொன்னதில் தவறு எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டேயிருந்தாள். தான் செய்ததிலும் தேடினாள். இரண்டிலும் கிடைக்கவில்லை. இரண்டும் சரியென்றும் தோன்றவில்லை.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு டூவீலர் கடையில் வேலை கிடைத்தது. சம்பளம் பாதி. அங்கேயும் ஹெல்மெட்டையும் கிரிப் கவரையும் சேர்த்துத்தான் விற்கச் சொன்னார்கள். யாராவது 'உங்களுக்கு இதுல என்ன கெடைக்கும்' என்று கேட்டால் அவள் தெரிந்ததைச் சொல்லிவிடுவாள். சிலர் அதைக் கேட்டுவிட்டு வாங்கினார்கள். சிலர் சந்தேகப்பட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார்கள்.

ஆடி மாதக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தெருமுக்கில் ஹாரன் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். வெள்ளை வண்டி. முன் சீட்டில் குழந்தையம்மாள் இருப்பது தெரிந்தது. கண்ணாடி இறங்கியிருந்தது.

மாசாணியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூட்டைப் பிடித்தபடி முக்குக்கு நடந்தாள். மெர்சி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா வண்டிக் கதவருகே நின்று பேசுவதும் தலையாட்டுவதும் தெரிந்தன. காற்றில் பேச்சு கேட்கவில்லை. ஒருதடவை குழந்தையம்மாள் கையை வெளியே நீட்டி அம்மாவின் கையைத் தொட்டது போலிருந்தது. பணம் கொடுத்தாளா, வெறுமனே தொட்டாளா என்று தெரியவில்லை. வண்டி கிளம்பிப் போனது.

அம்மா திரும்பி வர நேரமாயிற்று.

"என்னம்மா?"

"வாழையெல்லாம் சாஞ்சுருச்சாம். முட்டுக் குடுக்க ஆளு வேணுமாம். எனக்குத் தெரிஞ்சவங்க இருந்தாச் சொல்லியனுப்பச் சொன்னாங்க."

"அவ்வளவுதானா?"

"நீ வேலைக்குப் போறியான்னு கேட்டாங்க. போறான்னு சொன்னேன்."

மெர்சி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கேட்க வேண்டாமென்று நினைத்தும் கேட்டுவிட்டாள். "உள்ள கூப்புடலயா?"

"கூப்புட்டேன்" என்றாள் மாசாணியம்மாள். "இன்னொரு நாளைக்கு வாரேன்னாங்க."

அந்தக் குரலை வைத்து, அம்மா அதை நம்பினாளா இல்லையா என்று மெர்சியால் கண்டுபிடிக்க முடியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.